உத்திராபதிக்கு நான் வாசித்த கடிதம்

பிள்ளைகளை அடித்துப் பாடம் சொல்லித்தருவது எனக்கு ஒத்துவராது ஐயா. பன்னிரண்டு வருஷமாகப் பாபநாசம் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லித்தருகிறேன். ஒரு பிள்ளையைக்கூடக் கிள்ளியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழி இருக்கிறது. பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

உத்திராபதியின் வழி காது. பண்ணையார் காயாரோகணத்தின் ஒரே மகன், அப்போது பத்து வயது. முந்தைய வாத்தியார்கள் பிரம்பால் விளாசியதில் எழுத்தைப் பார்த்தாலே புத்தகத்தை மூடிவிடுவான். ஆனால் ஒருமுறை கேட்டதை அப்படியே ஒப்பிப்பான். நான் புத்தகத்தை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். "எழுத்தெல்லாம் மெதுவா வரும் தம்பி, நான் இருக்கேன்ல" என்பேன். மூன்றே மாதத்தில் விருந்தாளிகள் முன்னால் சரித்திரப் பாடத்தை ஒரு வருஷக் கணக்குகூடப் பிசகாமல் சொன்னான். பண்ணையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் என்னை வேலைக்கு வைத்ததே ஒரு கூத்து. ஆட்சி மாறி இரண்டு வருஷம். அறுவடைக் கூலிச் சண்டையில் ஊருக்கு ஊர் செங்கொடி. பண்ணையாள் மகனையே வீட்டு வாத்தியாராக வைத்தால் ஆட்கள் அடங்குவார்கள் என்று நினைத்தார். "நம்ம நல்லக்கண்ணு மவன் இராஜாங்கம்தானே? உக்காருங்க வாத்தியாரே" என்றார். அவ்வளவு மரியாதையை என் அப்பா அந்த வாயிலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் மறந்துபோயிருந்தார். அதற்கு மூன்று வருஷம் முன்பு, கூலி நெல் அரை மரக்கால் கூடக் கேட்டதற்காக அப்பாவைக் களத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். நான் கும்பகோணத்தில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பண்ணைக் கணக்குப்பிள்ளையிடம் போய், "உசுரு ஊசலாடுது, உடனே வாடான்னு எழுதிப் போடுங்க சாமி" என்று அழுதிருக்கிறாள். நான் வந்தால் கட்சிக்காரர்களையும் கூட்டிவந்துவிடுவேன் என்று பண்ணையார் வேறு விதமாக எழுதச் சொன்னார். எனக்கு வந்த கார்டில், 'அப்பா சுகம். பரீட்சை முடியும்வரை வர வேண்டாம்' என்று இருந்தது. நிம்மதியாகப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். அப்பாவைப் புதைத்த இடத்தில் புல் முளைத்திருந்தது. வயிறு எரிந்தது ஐயா. இன்னும் எரிகிறது.

அதனால் உத்திராபதியை எழுத்தின் பக்கமே நான் விடவில்லை. கையெழுத்துப் போடுவதை மட்டும் படம் வரைவதுபோலப் பழக்கினேன். வாசிக்கத் தெரியாதது வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும், நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லிவைத்தேன். பண்ணையார் மகனை எட்டாம் வகுப்புவரை பள்ளிக்கூடத்தில் யார் பெயிலாக்கி நிறுத்திவைக்கப் போகிறார்கள்? அதற்கு மேல் அவன் படிக்கவில்லை. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணையார் பாதி நிலத்தை அவன் பெயருக்கு மாற்றினார். அந்தப் பத்திரத்தையும் அவனுக்கு வாசித்தது நான்தான்.

போன ஐப்பசியில் பண்ணையாருக்குக் கைகால் விழுந்துவிட்டது. மகள் கமலவல்லி அவரை ஒரத்தநாட்டுக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டாள். கொஞ்ச நாளில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. உத்திராபதி அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் ஓடிவந்தான். இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை.

அதில் எழுதியிருந்தது: 'அப்பா உன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார். உயிரோடு பார்க்க வேண்டுமானால் உடனே வா.'

நான் வாசித்தது: 'அப்பாவுக்கு உன் முகத்தில் விழிக்க இஷ்டமில்லை. செத்தாலும் நீ வரக் கூடாதாம்.'

நடவு விஷயமாக அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஏற்கெனவே சின்ன மனத்தாங்கல் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எட்டு நாள் பண்ணையார் வாசலைப் பார்த்தபடியே கிடந்தாராம். இறந்ததும் ஆள் வந்து கூப்பிட்டான். உத்திராபதி போகவில்லை. மருமகன்தான் கொள்ளி வைத்தார்.

காரியம் முடிந்து கமலவல்லி வந்து தம்பியோடு சண்டை போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்திருக்கும் புகார் முழுக்க உண்மை. ஆனால் அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்று சாயங்காலமே உத்திராபதி அதே கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா வேற மாதிரி சொல்லுது சார். நீங்க இன்னொருக்கா படிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். முதல் தடவை வாசித்ததுபோலவே, ஒரு சொல் மாறாமல் வாசித்தேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அவன் என்னை அவ்வளவு நம்புகிறான். ஒரு பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுக்க எந்த வாத்தியாருக்கு ஐயா மனசு வரும்?