டைமர் வைத்த பிரெட் மெஷின்

பிரெட் மெஷின் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, மேடம். நம் சங்கரன்கோவிலில் முதலில் கேட்க வேண்டியது, கரண்ட் போய்விட்டு வந்தால் மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடருமா, இல்லை திரும்பவும் முதலிலிருந்து பிசைய ஆரம்பித்துவிடுமா என்பதைத்தான். பாதி வெந்த மாவை மறுபடி பிசைந்தால் அதை மாடுகூடத் தின்னாது. அடுத்தது, உள்ளே மாவு பிசைகிற சின்னத் தகடு தேய்ந்துபோனால் திருநெல்வேலியிலாவது வேறு கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான்தான் என் தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். எனக்கு அந்த மெஷின்மேல் எந்தக் கோபமும் கிடையாது. ஜீப்பில் வரும்போது உங்கள் ஏட்டு ஒரு மெஷினுக்காகவா இப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதனால்தான் இதை முதலில் சொல்லுகிறேன்.

தம்பி கோமதிநாதன் என்னைவிட ரொம்ப இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். எனக்கு அப்போதுதான் அரசு வேலை கிடைத்திருந்தது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். அப்புறம் யாரும் வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அவனைப் படிக்க வைத்தேன். மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு வி.ஏ.ஓ. ஆனான். தினமும் விடியும் முன் எழுந்து அவனுக்குத் தோசை வார்ப்பேன். அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து, கல்லிலிருந்து எடுக்க எடுக்கத் தின்பான். கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான்.

அவனுக்குச் சிவசக்தியைப் பார்த்து முடித்ததும் நான்தான். ராயகிரிப் பெண். அதிர்ந்து பேச மாட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அடுப்படியில் நிதானம் போதாது, அவ்வளவுதான். போனைப் பார்த்து, குக்கரில் உப்பைக் கொட்டி அதில் ரொட்டி சுடப் பழகினாள். முதல் ரொட்டி அடியில் கருகிவிட்டது. சூடு தெரியாமல் சமைக்கிறவளுக்குச் சூடு என்றால் என்னவென்று யாராவது காட்டத்தானே வேண்டும். அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைச் சூடான குக்கரின் பக்கவாட்டில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். எடுக்கும்போது தோல் கொஞ்சம் குக்கரோடு ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சாயங்காலம் தம்பி கேட்டதற்கு, ஆவி அடித்துவிட்டது என்று அவளே சொன்னாள். அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. தப்பு யார்மேல் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கையில் கட்டு இருந்தவரைக்கும் நானே சோறு பிசைந்து அவளுக்கு ஊட்டினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கை ஆறிய பிறகு மறுபடியும் சுட்டாள். இந்தத் தடவை நன்றாகவே வந்தது. கோமதிநாதன் வெண்ணெய் தடவி அதையே தின்றுவிட்டு, நான் வார்த்து வைத்த தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு பைக்கை எடுத்தான். அவன் மறந்திருப்பான். மறக்கும்படி செய்தது அவள். அன்றைக்குத் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். காலி வாளியோடு இறங்கும்போது நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவள் முதுகில் கை வைத்தேன். தள்ளினேன் என்று நீங்கள் எழுதினாலும் சரி. கடைசிப் படியில் முகம் மோதி முன்பல் ஒன்று போனது. கால் வழுக்கிவிட்டது என்று தம்பியிடம் சொன்னாள். அதற்கப்புறம் எங்கே போனாலும் என்னை முன்னால் விட்டுத்தான் அவள் பின்னால் வருவாள். பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மெஷின் பேச்சு வந்ததே அவள் கையால்தான். வெந்த இடம் இறுகிப்போய் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. மாவு பிசைந்தால் வலிக்கிறது என்றாள். மெஷின் வாங்கிவிடலாம் என்று கோமதிநாதன் சொன்னான். நான் தடுக்கவில்லை. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்துதான் பார்த்தோம். போன் அவன் கையில் இருந்தது. அவள் அவன் தோளில் சாய்ந்தமாதிரி எட்டிப் பார்த்தாள். நான் நாற்காலியில் இருந்தேன். கோதுமை மாவுக்குத் தனி பட்டன் இருப்பதாக, சின்னதாக ஒன்றை நான் சொன்னேன். அவன் டைமர் வைத்த ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். டைமர் எதற்கு, வீட்டில்தான் ஆள் இருக்கிறதே என்றேன். இருக்கட்டும் அக்கா என்று சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

பார்சல் வந்தது சனிக்கிழமை. தம்பி ஏதோ வேலையாக வெளியே போயிருந்தான், மத்தியானம் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். நான் காலையில் அவனுக்கு வார்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, எனக்கென்று ஒரு தோசையை ஊற்றிக்கொண்டிருந்தேன். சிவசக்தி மெஷினை மேடைமேல் வைத்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தாள். அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. பல் போன பிறகு வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். அன்றைக்குப் பொத்த மறந்துவிட்டாள்.

"மதினி, இனிமே நீங்க விடியமுன்ன எந்திரிக்காண்டாம்" என்றாள். "மாவைப் போட்டு டைமர் வச்சுட்டுப் படுத்தா, காலையில அதுவே சுட்டு வச்சிரும். அவுகதான் தேடித் தேடி இதை எடுத்தாவ. அக்கா நமக்காக இத்தன வருசம் எந்திரிச்சது போதும்னு சொன்னாவ."

போதும் என்று என் தம்பி சொல்ல மாட்டான். அவனை வளர்த்த எனக்குத் தெரியாதா. அந்த வார்த்தையை அவள்தான் அவன் வாயில் வைத்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தேன். அவளைத் திருத்த நான் எடுத்துக்கொண்ட சிரமம் எல்லாம் வீண் என்று புரிந்தது.

அடுப்பை அணைத்தேன். தோசையை எடுத்துத் தட்டில் போட்டேன். கைப்பிடி வைத்த பழைய இரும்புக் கல். நல்ல கனம். அதன் ஓரத்தால் அவள் காதுக்கு மேலே அடித்தேன். அவள் உடனே விழவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, நான் என்ன செஞ்சேன்" என்று கேட்டாள். அந்த நேரத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இரண்டாவது அடிக்குக் கையைத் தலைக்குமேல் கொண்டுவந்தாள். மடங்காத அந்த விரல்கள் ஒடிகிற சத்தம் கேட்டது. கீழே விழுந்த பிறகும் அசைந்துகொண்டிருந்தாள். அசைவு நிற்கிறவரை அடித்தேன். அவளைப் பாதியில் விட்டு வேதனைப்படுத்த எனக்கு மனமில்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுத வேண்டாம், எனக்குக் கோபமே வரவில்லை.

பிறகு கல்லைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அடுப்பில் ஏற்றி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தடவினேன். தம்பி பசியோடு வருவான் என்று புதிதாக நாலு தோசை வார்த்து ஹாட்பாக்ஸில் வைத்தேன். அவள்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்தேன். அடுப்படியைப் பெருக்கித் துடைத்தேன். முழுசாகப் போகவில்லை.

கோமதிநாதன் வந்து அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு உள்ளே வந்து பெட்ஷீட்டை விலக்கிப் பார்த்தான். அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அப்படித்தான் முனகுவான். தட்டை எடுத்து வைத்து, கையைக் கழுவிவிட்டு உட்கார் என்றேன். அவன் என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினான். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் உள்ளே வந்து அக்காமேல் கை வைத்துவிடக் கூடாது என்று அவனுக்குக் கவலை.

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தோசை ஆறுது, சாப்பிட்டுட்டு அழுலே என்று சொன்னேன். அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"பேசாத. இனி நீ எங்கிட்டப் பேசாத."

எவ்வளவு பதற்றத்திலும் அவனுக்கு என் ஞாபகம்தான், மேடம். பேசினால் எனக்குத்தான் ஆபத்து என்று யோசித்துச் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதைக் கேட்காமல் உங்களிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டேன். அவனுக்கு என்மேல் வருத்தம் என்று ஒன்று இருந்தால், அது இதற்காக மட்டும்தான் இருக்கும்.