முதல் ஷிப்ட் பஸ் போன பிறகு ஒரு முட்டை

2024 ஜனவரி 9, சேரப்பணஞ்சேரி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழும் சோதனையில், எழுபத்திரண்டு வயது எல்லப்பனால் எழ முடியவில்லை.

அன்று அந்த நாற்காலிக்கு அருகில் நின்ற எங்கள் அன்புக்குரிய டாக்டர் காந்திமதி அவர்களே! வயதானால் வலு குறையும் என்று ஊரே ஒப்புக்கொண்டபோது ஒப்புக்கொள்ள மறுத்த ஆய்வாளரே! தளர்ந்த தசையையும் தளராமல் பயிற்றுவித்த தலைவியே! ஒரகடம் முதியோர் தசைநல ஆய்வு மையத்தில் பதினாறு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் உங்களுக்கு, உடன் உழைத்தவர்கள் வாசித்தளிக்கும் மடல் இது.

வயது கூடக்கூட, இருக்கும் தசையைக் காக்கவே உடலுக்குக் கூடுதல் புரதம் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். இளையவர்கள் கம்பெனிக்குப் போன வீடுகளில் முதியவர்கள் என்ன உண்கிறார்கள் என்று கேட்கவைத்தீர்கள். காலையில் டீயும் பன்னும், மதியம் ரசம் சோறு, இரவு அதன் மிச்சம். எல்லப்பனும் அப்படித்தான் உண்டார். மருமகள் மாரிசெல்வி முதல் ஷிப்ட் முடிந்து திரும்பும்வரை அவருக்கு ஒரே நாற்காலிதான். எழ வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்திருந்தார். வேலையை விட்டுவிடலாமா என்று மாரிசெல்வி யோசித்துக்கொண்டிருந்தார்.

மாலைதோறும் வீடு வீடாக அவித்த முட்டை கொடுத்தோம், பயிற்சியும் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து அளந்தபோது யாருக்கும் வலு கூடவில்லை. நிதி தந்த அறக்கட்டளை, ஆய்வை நிறுத்தச் சொன்னது. “சாப்பிட்டும் பலன் இல்லையென்றால் நிறுத்துகிறேன். சாப்பிட்டார்களா என்றே எனக்கு இன்னும் தெரியாது” என்று சொல்லி அவகாசம் வாங்கினீர்கள்.

மறுநாள் விடியும்போதே கம்பெனி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றீர்கள். மாரிசெல்வியின் டிபன் டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னீர்கள். உள்ளே இருந்தது முந்தின மாலை நாம் எல்லப்பனுக்குக் கொடுத்த முட்டை.

“மாமாதான் வச்சாவ, டாக்டரம்மா. தனக்குப் பிடிக்காதுன்னு சொன்னாவ” என்றார் மாரிசெல்வி. பக்கத்தில் நின்ற பெண்களும் தங்கள் டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள்.

எல்லப்பன் மறைக்கவில்லை. “நான் சும்மா குந்திகினு கீறவன். அது நாளெல்லாம் லைன்ல நின்னுகினு கீது. முட்டை யாருக்கு வோணும், நீயே சொல்லும்மா!”

“அவளுக்கு நிக்கிற வேலை. உங்களுக்கு எழுந்திருக்கிற வேலை. ரெண்டுக்கும் தெம்பு வேணும், ஐயா” என்றீர்கள்.

அன்று முதல், பஸ் போன பிறகுதான் முட்டை. எல்லப்பனால் வர முடியாது என்பதால் தெருவிலிருந்த முதியவர்களை அவர் வாசலுக்கே வரவழைத்தீர்கள். முட்டை உண்ணாதவர்களுக்குக் கொண்டைக்கடலை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவு மட்டும். கண்முன்னே உண்டு முடித்தால்தான் பயிற்சி தொடங்கும். “முட்டைக்குக் காவல் போட்ட மொதோ டாக்டர் நீதாம்மா!” என்று எல்லப்பன் கேலி செய்ததும் தெருவே சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் நகரவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி அவரை எழவைத்தீர்கள். பிறகு ஒன்றை எடுத்தீர்கள். “கால் நடுங்குதும்மா” என்றார். “நடுங்கட்டும். பாதி எழுந்தாச்சு, மீதியையும் எழுந்திருங்க” என்றீர்கள். மழைக்காலத்திலும் அந்த வாசல் ஒருநாள்கூடக் காலியாக இருந்ததில்லை.

ஐயம் வந்தால் அலுவலகத்தில் அமர்ந்து தீர்ப்பெழுதாமல், அது பிறந்த இடத்திற்கே போய்ப் பார்க்கும் பழக்கத்தை எங்களுக்கு விட்டுச் செல்கிறீர்கள். அறக்கட்டளை ஆய்வை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலும் இதைத் தொடங்குவோம், பாதியில் விடமாட்டோம். நீங்களும் வேளை தவறாமல் உண்டு, கையூன்றாமல் எழுந்து, நிறைந்த நலத்தோடு நெடுங்காலம் வாழ வேண்டும்!

மாரிசெல்வி வேலையை விடவில்லை. இப்போதும் முதல் ஷிப்ட்தான். அவரை வழியனுப்ப எல்லப்பன் பஸ் நிறுத்தம்வரை நடந்து வருகிறார்.

இவண்,
ஆய்வு மையப் பணியாளர்கள்,
ஒரகடம்.