மணி அடித்தால் மேகம்

– மணிய நிறுத்தாதீங்கண்ணா! அந்த சுவிட்சுலிருந்து கைய எடுங்க!

– அட, கத்தாத ஜெயமேரி. கொட்டச்சேடு ஊரு பூரா மேகம் எறங்கிக் கெடக்குது, அதான் அடிக்குது. நேத்தும் சும்மா அடிச்சுது. இன்னொருக்கா இப்பிடி அடிச்சா, எலெக்ட்ரீசியன் வேலைய வேற எஸ்டேட்டுல போய்ப் பாருடா குழந்தைவேலுன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு.

– என்ற புள்ள உள்ள தூங்குதுங்ண்ணா! காப்பிக்கொட்டை பொறுக்கற கொட்டாய்ல, தொட்டில்ல!

– தூங்கட்டுமே. மேகம் புள்ளையத் தின்னுருமா?

– மேகமில்லீங்க! நான் சொல்றதக் கேக்கவே மாட்டீங்கறீங்களே.

– கேளு அம்மிணி. அத்தாம் பெரிய கொட்டாய்க்குப் பொகை கண்டுபுடிக்கற சின்னச் சின்ன டப்பா வெச்சா கட்டுபடியாகாதுன்னு, மெட்ராஸ்காரங்க போன வருசம் மாட்டுனாங்கல்ல? இந்தச் செவுத்துல ஒரு பொட்டி, எதுத்த செவுத்துல ஒரு பொட்டி. கூரையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இதுலிருந்து அதுக்கு ஓடுது. நடுவுல பொகை வந்து வெளிச்சம் மங்குனா மணி அடிக்கும். வந்தது பொகையா மேகமான்னு அதுக்கு என்ன தெரியும்?

– ஆமாங்க, அதையத்தான் இத்தனை நாளும் சொல்லிட்டு இருக்கறீங்க. இன்னைக்கு நான் சொல்றேன். புள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கிட்டு இழுக்குது, ஈரக்காத்து ஆவாது. அதனால எல்லாரும் சோத்துக்கு வெளிய வந்ததும் நானேதான் கதவு சன்னலெல்லாம் சாத்துனேன். இடுக்குலகூட சாக்கு வெச்சு அடைச்சேன். அப்பறம் மேகம் எந்த வழியா உள்ள போச்சு?

– எல்லாச் சன்னலுமா சாத்துனே?

– எல்லாமுந்தான்!

– சேர்வராயா சாமி... உள்ள வேற ஆரு இருக்கறாங்க?

– குப்பாயக்கா கூட்டிக்கிட்டு இருக்காங்க. பொடி போட்டுப் போட்டு அவங்களுக்கு மூக்கு செத்துப்போச்சு, கண்ணுலயும் பொரை. அவங்களுக்கு மணின்னாலே மேகந்தான். நீங்கதானுங்க எல்லாரையும் பழக்குனீங்க, மணி அடிச்சா பயப்படாதீங்க, மேகம் வந்திருக்குதுன்னு.

– வா, ஓடு! கொட்டை காய வெக்கற டிரையராத்தான் இருக்கோணும். அதோட பொகைக்குழாய் பரண் வழியாத்தான் கூரைக்கு ஏறுது. அதை ஒட்டிச் சாக்கு அடுக்காதீங்கடான்னு டிரையர் ஓட்டற அந்த லாசர்கிட்ட எத்தனை தரம் தலையில அடிச்சுக்கிட்டேன்!

– மாதாவே... பாதையே தெரியலீங்ண்ணா.

– கையப் புடிச்சுக்க. களத்துல தார்ப்பாய் கெடக்குது, வழுக்கும். வேகமா வா.

– இந்த மேகத்துல கொட்டாயே கண்ணுக்குத் தெரியலியே. பொகை வாசமும் வல்லீங்களே? ஒருவேளை ஒண்ணுமில்லியோ?

– வாசம் வராது அம்மிணி. பயமே அதுலதான். பொகை சூட்டோட நேரா கூரைக்குத்தான் ஏறும். அவ்வளவு ஒசரத்துக் கொட்டாய்ல, கீழ நிக்கறவன் மூக்குக்கு வர்றதுக்குள்ள மேல பூராவும் அடைச்சிருக்கும். அதுக்குத்தான் அந்த வெளிச்சத்தை அங்க கொண்டி வெச்சது.

– கதவு! தள்ளுங்கண்ணா, தள்ளுங்க!

– தள்ளியாச்சு. மேல பாரு, கூரைத் தகரம் தெரியுதா?

– தெரியலீங்க. கருப்பா, சுருண்டு சுருண்டு... அய்யோ, யேசுவே! என்ற தங்கமே!

– மேல பாக்காத. கீழ பாரு, கீழ! மேசை தெரியுதா? கொட்டை தெரியுதா? எல்லாம் பளிச்சுன்னு இருக்குதில்ல? பொகை எறங்கறதுக்கு இன்னும் நேரமிருக்குது. நொம்ப முன்னாடியே சொல்லிருச்சு, அந்த மெசினு. கீழ இருக்கற உசுருக்கு ஒண்ணும் ஆவாது.

– தொட்டிலு... அதா தொட்டிலு! தூணுக்கு அந்தாண்ட தொங்குது பாருங்க, என்ற மஞ்சச் சேலை! மாதாவே, உன்ற கால்ல உழுந்தேன். லூர்துசெல்வி, அம்மா வந்துட்டேன்டி கண்ணு!

– குனிஞ்சு போ, குனிஞ்சே தூக்கிட்டு வா. நான் டிரையரை அமத்திட்டு வர்றேன். பரண் மேல இருக்கற சாக்குதான் எரியுது, அங்க மட்டும் இப்ப ஆரும் ஏறக்கூடாது. ஆரு அது, வெளக்கமாத்தோட? குப்பாயக்கா! வெளிய ஓடுங்க!

– ஏஞ்சாமி குழந்தவேலு, மேகத்துக்குப் போயி இப்பிடிக் கத்தறே? ஜெயமேரி, தொட்டிலை எதுக்குக் கண்ணு தொழாவறே, புள்ள அதுல இல்ல. மணி அடிச்சுதில்ல, ஈரம் எறங்கிரும்னு தூக்கிட்டுப் போயிட்டேன். மேலயும் மேகம் ஏறித்தான் இருந்துச்சு, ஆனாலும் கதகதன்னு இருக்குது. பரண் மேல, குழாய் ஓரமா, சாக்குல படுக்க வெச்சிருக்கறேன்.