தகரம் தொங்கும் கல்யாண வாசல்

அக்கிராசனம் வகித்து அவைக்கு அழகு சேர்க்கும் ஐயா கருப்புசாமி அவர்களே, அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் பெண்ணைப் பெற்ற பெருமகனார் அங்கப்பக் கவுண்டர் அவர்களே, மாப்பிள்ளை வீட்டுப் பெரியோர்களே, தொண்டாமுத்தூரிலிருந்து வண்டி கட்டியும் மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலேறியும் வந்து குழுமியிருக்கும் உற்றார் உறவினர்களே, பந்தலின் இடப்பக்கத்தைப் பட்டாலும் பூவாலும் ஓயாத பேச்சாலும் நிரப்பியிருக்கும் தாய்மார்களே, படுதாவுக்குப் பின்னே கத்தரிக்காய் அரிந்தபடியே காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருக்கும் சமையற்கட்டுச் சகோதரர்களே, இன்று காலை மாலை மாற்றிய மணமக்கள் தம்பிதுரை, பாவாத்தாள் ஆகியோரே, உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் ராமுலு. கிணற்று நீர் இறைக்கும் எஞ்சின் விற்பது என் தொழில். நம் வாசகசாலைக்குக் காரியதரிசியாய் இருப்பது என் பொழுதுபோக்கு. காண்பதையெல்லாம் ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டுத் துளைப்பது என் பிறவிக் குணம். என் மனைவி அதை வியாதி என்பாள். வியாதியாகவே இருக்கட்டும், அந்த வியாதியால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்துவேன். ஆனால் காலை முதல் உங்கள் மனத்தைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்விக்கு விடை சொல்லாமல் வாழ்த்தினால் அது ஒருவர் காதிலும் ஏறாது. வாசலில் தொங்குகிறதே ஒரு நசுங்கிய தகரம், அது என்ன? வாழை மரம் இருக்கிறது, கமுகங்குலை இருக்கிறது, மாவிலை இருக்கிறது. மங்கலத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வண்ண விளக்கு மின்னும் மின்சார வளைவு எங்கே? காகிதக் கிரீடம் எங்கே? துணியில் எழுதிய ஜோடிக் கிளிகள் எங்கே? அவை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நூல் சுற்றிய மில் பாபின்கள் ஏன் சரம் சரமாக ஆடுகின்றன? கம்பத்துக்குக் கம்பம் சோளத்தட்டு ஏன் கதிரோடு நிற்கிறது?

என்ன சொல்கிறீர்கள் ஐயா, அந்த மூன்றாம் வரிசையில்? பழைய இரும்புக் கடைக்காரர் கட்டிய பந்தலா என்றா? நன்றாகச் சிரியுங்கள். பெண்ணின் தகப்பனாரே முதலில் அப்படித்தான் சொன்னார்.

பெரியோர்களே, பைக்காரா அருவியில் எடுக்கும் மின்சாரம் நம் ஊருக்கு வந்தது. ஆலைக்கு வந்தது, கிணற்றுக்கு வந்தது, கடைசியில் கல்யாணப் பந்தலுக்கும் வந்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு. கோபிசெட்டிபாளையத்திலும் அதே வளைவு, மேட்டுப்பாளையத்திலும் அதே வளைவு. உழுகிறவர் வீட்டிலும் அதே கிரீடம், உப்பு விற்கிறவர் வீட்டிலும் அதே கிரீடம். மணப்பெண் மாறுகிறாள், மாப்பிள்ளை மாறுகிறான், பந்தல் மட்டும் மாறவே மாட்டேன் என்கிறதே. அந்த இரண்டு கிளிகளும் யார்? எந்த ஊர்க் கிளிகள்? அவற்றுக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கும் என்ன உறவு? இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாமல் போனதால் என்ன ஆனது தெரியுமா? ஒரு தாய்மாமன் தொலைந்துபோனார்.

ஆம், தாய்மார்களே, தொலைந்துபோனார். காட்டில் அல்ல, மலையில் அல்ல, இதே வீதியில், பட்டப்பகலில், சந்தனம் பூசிய நெற்றியோடு தொலைந்துபோனார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், இதே சத்திரத்தில், அங்கப்பக் கவுண்டரின் மூத்த மகள் மயிலாத்தாளுக்குத் திருமணம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் மணவறையில் உட்கார்வாளா? அந்தத் தாய்மாமன் மேட்டுப்பாளையம் ஆறுச்சாமிக் கவுண்டர். மணப்பெண்ணின் தாயார் வள்ளியாத்தாளுக்கு உடன்பிறந்த அண்ணன். அவருக்கும் நம் அங்கப்பக் கவுண்டருக்கும் அதற்கு முன்பே ஏதோ மாட்டுச் சந்தையில் வந்த மனத்தாங்கல். என்ன மனத்தாங்கல் என்று இருவரிடமும் கேட்டேன். இருவருக்கும் மாட்டின் நிறம் நினைவிருக்கிறது, சண்டை நினைவில்லை. அன்று விடியற்காலை எல்லோரும் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். முகூர்த்தம் நெருங்கியது. மாமன் வரவில்லை. கடைசியில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைக் கூப்பிட்டுப் பட்டம் கட்டச் சொல்லிக் கல்யாணத்தை முடித்தார்கள். வள்ளியாத்தாள் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சபையில் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டான் என்று அங்கப்பக் கவுண்டர் கருவினார். அன்றோடு போக்குவரத்து நின்றது, பேச்சு நின்றது, பேர் சொல்வதும் நின்றது.

அங்கப்பக் கவுண்டர் அவர்களே, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் கேட்காததை நான் கேட்டேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சென்ற ஆடி மாதம் மேட்டுப்பாளையம் ரயிலில் என் எதிரே ஒருவர் உட்கார்ந்தார். பாலுசாமி என்று பெயர், வெல்ல மண்டி வைத்திருப்பவர். வழிப்பேச்சில் அவர் தம் மகன் கல்யாணத்தில் நடந்த வேடிக்கையைச் சொன்னார். மயிலாத்தாள் கல்யாணம் நடந்த அதே வீதி, அதே நாள், அதே முகூர்த்தம், அதே மின்சார வளைவு. விடிகாலையில் ஒரு பெரியவர் பட்டும் பழமுமாகத் தாம்பாளங்களை ஆட்கள் சுமந்துவர, அவர்கள் பந்தலுக்குள் நுழைந்தாராம். பார்வைக்கு மதிப்பான மனிதர். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்காரர் என்று நினைத்தார்கள். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சந்தனம் கொடுத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், விசிறக்கூட ஆள் போட்டார்கள்.

வேறு சீமையாக இருந்தால் வாசலிலேயே தாங்கள் யார் என்று கேட்டிருப்பார்கள். நம் கொங்குச் சீமையில் கேட்போமா? வந்த விருந்தாளியைப் பார்த்து நீங்க யாருங்க என்று கேட்டால் நாக்கு அழுகிவிடாதா? வாங்க என்போம், உக்காருங்க என்போம், எலையில உக்காருங்க என்று கையைப் பிடித்து இழுப்போம். யார் என்று மட்டும் கேட்கவே மாட்டோம். நம் மரியாதை அவ்வளவு பெரியது. அன்று அந்த மரியாதைதான் ஒரு மனிதரை விழுங்கியது.

அந்தப் பெரியவர் ஆறுச்சாமிக் கவுண்டர் என்பது எனக்கு அங்க அடையாளம் கேட்டபோதே புரிந்துவிட்டது. நேரே மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்புக்குப் போய் அவரைக் கேட்டேன். பாக்கு மட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். கிழித்தபடியே சொன்னார்.

"தெரிஞ்ச மொகமே காணமுங்க. சரி, மாப்ள ஊட்டுச் சனம்னு நெனச்சுக்கிட்டேன். பேசாத இருந்த மச்சான் எனக்கு இத்தனை மரியாதை செய்யச் சொல்லிப்போட்டு உள்ள நிக்கறாரேன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. இனி ஆயுசுக்கும் அவருகூட ஒரு சொல்லு எதுத்துப் பேசறதில்லைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அப்பறந்தானுங்க பொண்ணக் கூட்டியாந்தாங்க."

வந்த பெண் மயிலாத்தாள் அல்ல. முன்பின் பார்த்திராத பெண். அதே நொடியில் பக்கத்துப் பந்தலில் கெட்டிமேளம் கொட்டியது. எழுந்தார். இந்தப் பந்தலில் சாப்பிட்ட காப்பி வயிற்றில், அந்தப் பந்தலில் தாலி கழுத்தில். இனி எந்த முகத்தோடு உள்ளே போவது, பந்தல் மாறி உட்கார்ந்தேன் என்றால் சபை சிரிக்காதா என்று வெட்கப்பட்டு, சீர்த் தாம்பாளத்தோடு ரயிலடிக்குப் போய்விட்டார்.

அவையோரே, உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள், சிலர் கண்ணைத் துடைக்கிறீர்கள். இரண்டும் நியாயமே. அன்னியர் வீட்டு உபசாரத்தைப் பார்த்து அவர் மன்னித்தது தம் மச்சானை அல்லவா?

இதை நான் முதலில் சொன்னது பாவாத்தாளிடம். இந்தப் பெண் தொண்டாமுத்தூர்ச் சோளக்காட்டில் பரண்மேல் ஏறி நின்று, தகரத்தைத் தட்டி யானை விரட்டியவள். யானைக்கு அஞ்சாதவள் தகப்பனாருக்கு அஞ்சுவாளா? தகப்பனாரிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. பந்தலை மட்டும் என் விருப்பத்துக்கு விடுங்கள் என்று கேட்டாள். சனம் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றாள். மாப்பிள்ளை தம்பிதுரை மில்லில் எந்திரம் பழுது பார்க்கும் பிட்டர். அவர் தம் பங்குக்குப் பாபின்களைக் கொண்டுவந்தார். வெள்ளை நூல் மங்கலமாகாது என்று அவர் வீட்டுப் பெரியவர்கள் தடுத்தார்கள். நூல் முழுவதையும் மஞ்சளில் முக்கி எடுத்துச் சுற்றிவிட்டார். தாலி கோப்பதும் மஞ்சள் நூலில்தானே என்று கேட்டார். பந்தல்காரர் பஷீர் மின்சார வளைவைக் கழற்றி வைத்துவிட்டு, சோளத்தட்டை எப்படி நிறுத்துவது என்று இவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கட்டினார். பெண்ணின் காடும் பிள்ளையின் ஆலையும் ஒரே வாசலில் கைகோத்து நிற்கின்றன. இதைவிடப் பொருத்தம் பார்க்க வேறு ஜாதகம் வேண்டுமா?

பிறகு பாவாத்தாள் என்னை மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினாள். அவள் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்.

"எங்க மாமங்கிட்டச் சொல்லுங்க. நான் தட்டுன தகரத்த வாசல்லயே கட்டி வெக்கறனுங்க. வீதியில எத்தனை பந்தல் இருந்தாலும் இது அவரு தங்கச்சி ஊடுன்னு தெரியும். ஆரையும் கேக்க வேண்டியதில்லீங்க."

இன்று இந்த வீதியில் மூன்று பந்தல்கள். இரண்டில் மின்சார வளைவு. விடியற்காலை ஆறுச்சாமிக் கவுண்டர் வந்து அந்த இரண்டையும் கடந்தார். இந்த வாசலில் நின்றார். தகரத்தைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. விரலை மடக்கி அதை மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். அடுக்களையில் இருந்த வள்ளியாத்தாள் அந்தச் சத்தம் கேட்டு ஈரக்கையோடு ஓடிவந்து அண்ணனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மாமன் பட்டம் கட்டினார். மருமகள் மணவறை ஏறினாள்.

இத்தோடு முடித்துவிட்டால் எனக்கும் கைதட்டல் கிடைக்கும், உங்களுக்கும் ராத்திரிப் பந்தி சீக்கிரம் கிடைக்கும். ஆனால் முடியவில்லையே. பந்தலின் கடைசிக் கம்பத்தருகே, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். காலை முதல் இரு மச்சான்களுக்கும் இடையே ஒரு சொல் இல்லை. மத்தியானப் பந்தியில் எத்தனையோ பேர் அழைத்தும் அவர் இலையில் உட்காரவில்லை, வயிறு சரியில்லை என்றார். வீட்டுக்காரர் வாயால் அழைக்காமல் மாமன் எப்படி உட்காருவார்? சாயங்கால ரயிலுக்குப் புறப்பட அவர் ஆயத்தம். இந்த வாசலை உண்ணாமல் தாண்டினால் அவர் மறுபடி வருவாரா?

இந்தக் கதையைச் சபையில் சொல்லலாமா என்று அவரைக் கேட்டேன். சொல்லுங்க, எனக்கு வாய் வராதுங்க என்றார். அதனால் சொன்னேன்.

நானும் பந்தலைப் புகழத்தான் வந்தேன். பந்தல் தன் வேலையைச் செய்துவிட்டது. வழி தவறிய மனிதரை வாசல் வரை கொண்டுவந்துவிட்டது. அதற்கு மேல் பந்தலால் என்ன செய்ய முடியும்? தகரம் வா என்று அழைக்கும், சாப்பிடு என்று சொல்லுமா? அன்று இரண்டு பந்தலும் ஒன்றுபோல் இருந்தது குற்றம் என்றால், மூன்று ஆண்டுகளாக ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தது என்ன? அதற்கு எந்தப் பந்தல்காரர் மேல் பழி போடுவது? அவர் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பி, ஏன் என்று, அந்த ஒற்றைச் சொல்லை, அந்தச் சின்னஞ்சிறு சொல்லை...

சற்றுப் பொறுங்கள். அங்கப்பக் கவுண்டர் எழுந்திருக்கிறார். மேடையை விட்டு இறங்குகிறார். அக்கிராசனர் அவர்களே, தடுக்க வேண்டாம். தாய்மார்களே, கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள். யாரும் கை தட்டாதீர்கள், அவர் நடக்கட்டும்.

கம்பத்தருகே போய்விட்டார். கையைப் பிடிக்கிறார். ஏதோ பேசுகிறார்கள். அங்கே பக்கத்தில் நிற்கும் நஞ்சப்பன், என்ன பேசுகிறார்கள் என்று கொஞ்சம் உரக்கச் சொல்லப்பா. எனக்கு இது தெரியாமல் உயிர் நிற்காது.

"கேக்காத உட்டது என்னோட தப்புங்க மச்சான், எந்திரிங்கன்னு சொல்றாருங்க."

ஆறுச்சாமிக் கவுண்டர் என்ன சொல்கிறார்?

"அழுகறாருங்க." 

இப்போது?

"காலையில இருந்து பசிக்குதுங்க மச்சான்னு சொல்றாருங்க."

சமையற்கட்டுச் சகோதரர்களே, கத்தரிக்காயை வைத்துவிட்டு இரண்டு இலை போடுங்கள், பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இன்னும் அரைமணி நேரத்துக்குப் பேச்சு வைத்திருந்தேன். அது என்னோடு இருக்கட்டும். தம்பிதுரை, பாவாத்தாள், நீங்கள் நீடூழி வாழ்க. பொறுமையோடு கேட்ட அவைக்கும், பேச இடமளித்த அக்கிராசனருக்கும், பாதியில் எழுந்துபோய் என் பேச்சை முடித்துவைத்த அங்கப்பக் கவுண்டருக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி வணங்கி உட்காருகிறேன்.