டொரோண்டோவில் கரண்ட் போன கதை

டொரோண்டோவில் இருந்து அஜக்ஸ் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி சனிக்கிழமைகளில் மேற்குக் கரையில் இருக்கும் பாலஸ்தீனப் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் அகிம்சை படிப்பிக்கிறாளாம்.

“அகிம்சையோ? நீயோ?” என்றாள் மற்றவள். “பார்க்கிங்குக்காக ஒருத்தனைப் பனி தள்ளுற சவலால அடிக்கப் போனனி.”

“அடிக்கேல்லைத்தானே. கேள். ஒரு பெட்டை கேட்டாள், மிஸ், நீங்களும் உங்கட ஊரில சண்டைக்குள்ளதானே வளந்தனீங்கள், உங்களுக்கும் ஆரும் உந்த அகிம்சை படிப்பிச்சவையோ எண்டு.”

“என்ன சொன்னனி?”

“ஓம், வெளிநாட்டில இருந்து ஒரு மிஸ் வந்தவ எண்டன். அதுக்குப் பிறகு குண்டு போடுறதை நிப்பாட்டினவங்களோ எண்டு கேட்டாள்.”

சிநேகிதி சிரிப்பை அடக்கினாள். “அதுக்கு?”

“கரண்ட் போயிட்டுது எண்டு சொல்லி லாப்டொப்பை மூடிட்டன்.”

“டொரோண்டோவிலயோ? வெக்கமில்லையோடி?”

“பிள்ளையள் நம்பிட்டுதுகள். அடுத்த கிழமை திறந்தால் எல்லாரும் எனக்கு முதலே வந்திருக்குதுகள். ஆமி வந்ததோ, வீட்டில எல்லாரும் சுகமோ எண்டு கேக்குதுகள். கரண்ட் போனால் யன்னலுக்குக் கிட்ட நிக்காதேங்கோ மிஸ் எண்டு அந்தப் பெட்டை சொல்லித் தாறாள்.”

சிநேகிதி இப்போது சிரிக்கவில்லை. “பிறகாவது உண்மையைச் சொன்னனியோ?”

“சொன்னன். கரண்ட் போகேல்லை, நான்தான் பயந்து ஓடினனான் எண்டன். குண்டும் நிக்கேல்லை எண்டன்.”

“அவள் என்ன சொன்னவள்?”

“குண்டு நிக்காது எண்டு எங்களுக்குத் தெரியும் மிஸ், நீங்கள் பாடத்தைத் தொடங்குங்கோ எண்டாள்.”