கட்டடம் தாண்டட்டும்

குரோய்டன் டிராமில் எனக்கு முன்சீட்டில் ஒரு அப்பாவும் மகளும். மகள் போனில் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இண்டைக்கு வந்த சொல்லு ‘சகராவு’. மேலிடத்தை எதிர்த்து நிக்கிறதாம்.”

“மெதுவாச் சொல்லு பிள்ளை.”

“ஜப்பானீஸ் இங்க ஆருக்கு விளங்கும்?”

“அந்தக் கட்டடம் தாண்டட்டும்.”

ஜன்னலில், ஒருகாலத்தில் அகதி மனுக்களோடு எங்கள் ஆட்கள் வரிசையில் நின்ற பெரிய குடியேற்ற அலுவலகம் வந்துகொண்டிருந்தது.

“உங்களுக்கு பாஸ்போர்ட் கிடைச்சு இருவது வருசம், அப்பா!”

“ஓம்.”

கட்டடம் பின்னால் போனது. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “சகராவு” என்றார். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

“இனிச் சத்தமாச் சொல்லுங்கோவன்.”

“திரும்பி வரேக்கையும் இந்த வழியாத்தானே பிள்ளை வரவேணும்.”