தெரிஞ்ச முகம்

அட, இந்தக் கூட்டத்துல ஒத்தக் கையால கம்பியப் புடிச்சுக்கிட்டு, மத்தக் கையில பையத் தூக்கிக்கிட்டு எப்பிடி நிப்பீங்க? இப்பிடிக் குடுங்க தங்கச்சி, மடியில வச்சுக்கிறேன். பரவால்ல, குடுங்க. சோறா? சூடு தொடையில தெரியுது. சாயாதுங்க, ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கேன் பாருங்க.

ஆமா, போன கெழமையும் இதே பஸ்லதான் வந்தேன். அதுக்கு முந்துன கெழமையும். நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்களே. எனக்கும் முகம் ஞாபகத்துல நிக்கும், எங்க பாத்தோம்ங்கிறதுதான் நிக்காது. ஸ்பிரிங்வெளியில எனக்குச் சொந்தக்காரங்கன்னு யாரும் இல்ல. ஒரு ஆளப் பாத்துப் பேசணும்னு வாறது. பாக்குறது, பேசாமத் திரும்புறது. பேரா? அக்கான்னே கூப்பிடுங்க, போதும்.

இந்தா, அந்த ஐயா எறங்குறாரு, சட்டுன்னு உக்காருங்க. பை என்கிட்டயே இருக்கட்டும். தயானியா, நல்ல பேரு. யாருக்கு தயானி சோறு?

ம். ரிமாண்ட்ல. அத ஏன் காதுக்குள்ள சொல்றீங்க? இந்த பஸ்ல பாதிப் பேரு யாருக்காவது எதையாவது கொண்டு போறவங்கதான். ஆஸ்பத்திரிக்கு ஒரு பை, ஜெயிலுக்கு ஒரு பை. சோத்தக் கரண்டியாலக் கிண்டிப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்களாமே? முட்டையக்கூட வெட்டிப் பாப்பாங்களா? அடக் கடவுளே. கருவாடு பொரிச்சிருக்கீங்க போல, வாசம் வருது. அவருக்குப் புடிக்குமா? ம்.

நான் பதுளை டவுன்லதாங்க இருக்கேன். பொறந்தது தெமோதரையில, தேயிலத் தோட்டத்து லயத்துல. அப்புறம் பத்தொம்பது வருசம் குவைத்துல வீட்டு வேல. திரும்பி வந்து, படிக்கட்டு எறங்கிப் போற ஒரு தெருவுல சின்னதா ஒரு வீடு. புருசன் தவறிட்டாரு, மக கொழும்புல. தனியாத்தான்.

நீங்க கெழமைக்கு ஒருக்கா டவுனுக்கு வாறவங்க, ஒங்களுக்குக் கடையும் வெளிச்சமும்தான் தெரியும். உள்ள இருக்கிற எங்களக் கேளுங்க. பாக்குற எடமெல்லாம் மாடி, மாடிக்கு மேல போர்டிங். யாரு எங்கயிருந்து வந்து குடியிருக்கான்னு வீட்டுக்காரனுக்கே தெரியாது. எங்க தெருவுக்கு லைட்டு மூணு, எரியிறது ஒண்ணு, அதுவும் மழ பேஞ்சா கண்ணச் சிமிட்டும். போன மாசம் எதிர்வீட்டுக் காமிலா அடுப்புல கறிய வச்சுட்டு முன்வாசல்ல நின்னு பேசிக்கிட்டு இருந்தா, பின்னால எவனோ வந்து கேஸ் சிலிண்டரக் கழட்டித் தூக்கிட்டுப் போயிட்டான். உள்ள போய்ப் பாத்தா கறி அரவேக்காடு, சிலிண்டரக் காணோம். சிரிப்பு வரும்ல? எங்களுக்கும் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி ஒருத்தரும் தூங்கல. ஐஸு, அந்தப் போதத் தூளுக்குக் காசு வேணும்னு வாறவனுக்கு நம்ம உசுரு ஒரு சாமானாங்க?

எங்க தெருவுல குமாரசிங்கம் மாஸ்டர்னு ஒருத்தர், யாழ்ப்பாணத்து ஆளு, வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நல்ல மனுசன். அவர்தான் போன்ல ஒரு குரூப்பு ஆரம்பிச்சாரு. தெரியாத ஆளு தெருவுக்குள்ள வந்தா போட்டோ எடுத்துப் போடணும். வெலிமடையிலருந்து லீக்ஸும் கரட்டும் கொண்டு வந்து விக்கிற ஆளு மூணு தடவ அந்தக் குரூப்புல வந்துட்டாரு. நாலாந் தடவ அவரே கேட்டாராம், இன்னிக்கு நல்ல சட்ட போட்டிருக்கேன், போட்டோ புடிக்கலையான்னு.

அப்புறம் வீட்டுக்கு வீடு கிரில். பாறூக் நானா தெரியுமா, வெல்டிங் கடை வச்சிருக்காரே? தெரியாம இருக்குமா, ஒங்க வீட்டுக்காரரு அங்கதானே வேல.

எப்பிடித் தெரியுமா? சொல்றேன். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க தயானி. ஒங்க வீட்டுக்காரர் சுபாஸோட கேஸு எனக்குத் தெரியும். சங்கிலிய அறுத்தது அவர்தான்னு காட்டுனாளே, அவ எங்க தெருதான். அவளயும் தெரியும். வீட்டக் காட்டணுமா? காட்டுறேன். சத்தியமாக் காட்டுறேன். அதுக்கு முந்தி நடந்தத ஒருக்காக் கேட்டுருங்க. வேற யாரும் ஒங்களுக்கு இத முழுசாச் சொல்லப் போறதில்ல.

அவளுக்கு என் வயசுதான். பொழுது சாயிற நேரம், மழத் தூறல், கடைக்குப் போயிட்டுப் படிக்கட்டுல எறங்கி வாறா. பின்னாலருந்து ஒரு கை. கழுத்துல நெருப்பு வச்ச மாதிரி ஒரு இழுப்பு, விழுந்துட்டா. ஓடுனவன் கீழ லைட்டுக்கு அடியில ஒருக்காத் திரும்பிப் பாத்தான். கண்ண மூடித் தொறக்கிற நேரம்தான். அம்புட்டுத்தான் அவ பாத்தது.

அவ அழுதது சங்கிலிக்கு மட்டும்னு நெனைக்கிறீங்களா? அதுக்கப்புறம் பகல்லயே பின்னால யாராவது செருமுனாச் சுவரோட ஒட்டி நின்னு அவங்களப் போக விடுறா. சொந்த வீட்டுல குளிக்கிறதுக்குக் கதவ ரெண்டு தடவ இழுத்துப் பாக்குறா. பொலிஸுக்குப் போனா, ஆளு எப்பிடி இருந்தான்னு கேட்டாங்க. ஒல்லி, மாநெறம், முப்பது வயசுக்குள்ளன்னா. பதுளையில பாதி ஆம்பள அதுதானே.

ரெண்டு நாள் கழிச்சு குரூப்புல ஒரு போட்டோ வருது. ஒல்லியா ஒரு ஆளு, முதுகுப் பக்கம்தான் தெரியுது, தோள்ல கனமாப் பை, ஒவ்வொரு வீட்டு ஜன்னலாப் பாத்துக்கிட்டுப் போறான். மாஸ்டர் பொலிஸுக்கு அனுப்புனாரு, அவங்க வந்து பையத் தொறந்தா இரும்பு வெட்டுற மெஷினு, கம்பி, சுத்தியல். வீட்டு நம்பரத் தேடிக்கிட்டு கிரில் அளவெடுக்க வந்தேன்னு அவர் சொல்லியிருக்காரு. பாறூக் நானா அன்னிக்குக் கல்முனையில, மகளோட கல்யாணம், போன எடுக்கல. கொண்டு போயிட்டாங்க.

ஆமா. போட்டோ எடுத்தது யாருன்னு கேக்காதீங்க. யாரா இருந்தா என்ன, நாங்க எல்லாரும் எடுப்போம்.

அப்புறம் அந்த அடையாளம் காட்டுற நாளு. கோர்ட்டுல ஒரு ரூம்ல தனியா உக்கார வச்சாங்க அவள. கூப்பிட்டாங்க, போனா. ஒம்பது பேரு வரிசையா நிக்கிறாங்க. எல்லாம் ஒல்லி, எல்லாம் மாநெறம். மொத ஆளு தெரியாது. ரெண்டாவது தெரியாது. மூணாவது, நாலாவது, கல்லப் பாக்குற மாதிரி. ஆறாவது ஆளுகிட்ட வந்தா நெஞ்சு பக்குன்னுச்சு. இந்த முகத்த எனக்குத் தெரியும்! எங்கயோ பக்கத்துல வச்சுப் பாத்திருக்கேன். அவளுக்கு அது போதுமா இருந்துச்சு. அந்த லைட்டுக்கு அடியில பாத்தது இதுதான்னு மனசு தானா ஒட்ட வச்சிருச்சு.

இன்னொண்ணும் நடந்துச்சு. அவர் சிரிச்சாரு தயானி. லேசா, ஒதட்டு ஓரத்துல. அவளப் பாத்து. திமிரப் பாரு, என் சங்கிலிய அறுத்துட்டு என்னையப் பாத்தே சிரிக்கிறான்னு அவளுக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. நேராப் போய்த் தோள்ல கைய வச்சுட்டா. நிச்சயமான்னு நீதவான் ஐயா கேட்டாரு. சிங்களத்துல கேட்டாரு. ரெண்டு பாஷையிலயும் படிச்சவ அவ, மொழிபெயர்க்கிற கோர்ட்டு முதலியார் வேண்டாம்னு சிங்களத்துலயே சொன்னா. போதாததுக்குத் தமிழ்லயும் சொன்னா. இவர்தான்னு.

அழாதீங்க. இந்தாங்க லேஞ்சி, கண்ணத் தொடச்சுக்குங்க. பின் சீட்டுல பாக்குறாங்க.

என்ன சொன்னாரு? அந்தம்மாவுக்கு என்னையத் தெரியும், அவங்க வந்தா விட்டுருவாங்கன்னு நெனச்சேன்னு சொன்னாரா? ஒங்ககிட்ட அப்பிடியா சொன்னாரு? அதுக்குத்தான் சிரிச்சாரா...

நான் நெனச்சேன். அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன். இருந்தாலும் ஒங்க வாயால கேக்கும்போது...

இல்ல, ஒண்ணுமில்ல. வளைவுல திரும்புறான்ல, பைய இறுக்கிப் புடிச்சுக்கிறேன். இந்த டிரைவருக்கு எங்க போய்ச் சேரணும்னு இம்புட்டு அவசரமோ.

அவளுக்கு எப்பத் தெரிஞ்சுச்சுன்னா, பதினேழு நாள் கழிச்சு. பயத்துல கிரில்லுக்கு இன்னொரு பூட்டு போடலாம்னு பாறூக் நானாவுக்குப் போன் பண்ணுனா. அவரு சொல்றாரு, அக்கா, ஆள் இல்ல, ஒங்க வீட்டு வேலையச் செஞ்ச சுபாஸப் பொலிஸு புடிச்சு உள்ள போட்டுட்டாங்க, எவளோ ஒருத்தி சங்கிலிய அறுத்தான்னு காட்டிட்டாளாம்னு. அவருக்குத் தெரியாது அந்த எவளோ யாருன்னு.

போன வச்சுட்டு அந்தக் கிரில்லப் பாத்துக்கிட்டே நின்னேங்க. சங்கிலி போறதுக்கு முந்தி, மூணு நாளு அந்த ஜன்னல்ல வேல செஞ்சாரு. வெல்டிங் கண்ணாடிய நெத்திக்கு மேல தூக்கி விட்டுட்டு, படியில உக்காந்து தேத்தண்ணி குடிச்சாரு. ஒருநாள் நான் சீனிய ரெண்டு தடவ போட்டுட்டேன், இது தேத்தண்ணியா பாயாசமாக்கான்னு கேட்டுச் சிரிச்சாரு. அதே சிரிப்பு. ஒதட்டு ஓரத்துல.

...

ஆமா. நான்னுதான் சொன்னேன். சரியாத்தான் காதுல விழுந்திருக்கு.

அப்பவே பேரு கேட்டீங்கள்ல. புஷ்பம். கோர்ட்டுல கூப்பிட்டிருப்பாங்க, கேட்டிருப்பீங்க.

எந்திரிக்காதீங்க தயானி, பஸ் ஓடுது, விழுந்துருவீங்க. திட்டுங்க. சத்தமாவே திட்டுங்க, எல்லாரும் கேக்கட்டும். ஆனா இன்னும் கொஞ்சம் இருக்கு, டவுன் வாறதுக்குள்ள சொல்லிர்றேன்.

நான் சும்மா இருக்கல. மாஸ்டர்கிட்டப் போனேன். பிள்ளை, இப்ப மாத்திச் சொன்னா உங்களைத்தான் பிடிச்சு உள்ளுக்க போடுவினம், பேசாம இருங்கோன்னாரு. களவு குறைஞ்சிருக்காம், அவனப் புடிச்சதுக்கப்புறம் தெரு நிம்மதியா இருக்காம். களவு குறையல, மழைக்கு யாரும் வெளிய வாறதில்ல, அம்புட்டுத்தான். பொலிஸ் வாசல் வரைக்கும் ரெண்டு தடவ போனேன். ஒரு லோயரப் பாத்தேன், கிருஷ்ணராஜ்னு, நல்லாத்தான் பேசுனாரு. வாற செவ்வாய்க்கிழம கேஸ் கூப்பிடுற தவணைக்கு நேர்ல வந்து சொல்லுங்க, ஆனா ஒங்க மேலயும் கேஸ் போடலாம், நீங்க சொன்னவொடனே அவர விட்டுருவாங்கன்னும் இல்லன்னாரு. ஐயா ஒரு கேள்வி கேப்பாராம். அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யான்னு. நான் என்னத்தச் சொல்றது? அன்னிக்கும் நான் பொய் சொல்லலீங்க. இன்னிக்கும் சொல்லல. ரெண்டு பாஷை படிச்சேன், ரெண்டுலயும் அதுக்குப் பதில் வரல.

குவைத்துல ஒருக்கா மேடத்தோட மோதிரம் காணாமப் போச்சு. என் பெட்டியக் கொட்டி, என் உடுப்ப ஒண்ணொண்ணா ஒதறிப் பாத்தாங்க. மூணாம் நாளு குழாய்க்குப் பின்னால கெடந்துச்சு. ஒரு ஆளு என் முகத்தப் பாத்து மன்னிப்புன்னு ஒரு வார்த்த சொல்லல. அப்பிடி நின்னவதான் நானும். அது தெரிஞ்சுதான், பாறூக் நானாகிட்ட ஒங்களப் பத்தி விசாரிச்சுக்கிட்டு, மூணு கெழமையா மேல வந்து, கீழ போறேன். மொத கெழம ஒங்களுக்குப் பின் சீட்டுல இருந்தேன். போன கெழம பக்கத்துலயே இருந்தேன், வாய் தொறக்கல. இன்னிக்கு ஒங்க பை கைக்கு வந்துருச்சு.

செவ்வாய்க்கிழம வருவேன். வருவேன்னுதான் நெனைக்கிறேன். சாட்சிக் கூண்டுல ஏறி நிக்கும்போது கால் நிக்குமான்னு தெரியல. அந்த ஒம்பது பேருக்கு முன்னால மட்டும் நல்லா நின்னுச்சு, பாவி காலு.

டவுன் வந்துருச்சு. எறங்குங்க, நேரம் போனா உள்ள எடுக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. கூட வரவான்னு கேக்குறதுக்கு எனக்கு முகம் இருக்கா? வரல.

பையப் புடிங்க தயானி. ஏன் கையப் பின்னால இழுக்குறீங்க? புடிங்க, கண்டக்டர் கத்துறான். ஒங்க கையால ஆக்குன சோறு, இன்னும் சூடு ஆறல. என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. நான் தொட்டதுன்னு மட்டும் இத விட்டுட்டுப் போயிராதீங்க.